கைத்தழும்பும் தாத்தாவின் உழவு மாடுகளும்



என் இடது கையிலுள்ள வட்டத் தழும்பைத் தொட்டு, "அம்மாச்சி, இது என்ன?" என்று பேத்தி கேட்டாள். பெரியம்மைக்குக் குத்திய தழும்பு. உங்களுக்குத் தோளருகே இருப்பது காசநோய்க்கான பி.சி.ஜி. தழும்பு. இது வேறு.

1796-இல் இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர், மாட்டம்மைக் கொப்புளத்தின் நீரை ஒரு சிறுவனுக்குக் குத்தி, பெரியம்மையைத் தடுக்க வழி கண்டார். நம் சென்னை மாகாணத்துக்கான மருந்தைக் கிண்டி கிங் நிலையத்தில் கன்றுகளின் தோலில் வளர்த்து எடுத்தார்கள். 1980-இல் பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

நம்மைக் காத்த மாட்டுக்கும் ஒரு கொள்ளைநோய் இருந்தது. அதுதான் வெக்கை. காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல், பிறகு சாவு. சாத்தூர்ப் பக்கம் எங்கள் கரிசல் ஊரில் தாத்தாவின் உழவு மாடுகள் இரண்டும் ஒரே வாரத்தில் போயின. அந்த வருஷம் நிலம் தரிசாகக் கிடந்தது. அம்மாவின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது.

1920-களில் முக்தேஸ்வர் ஆய்வகத்தில் எட்வர்ட்ஸ் என்பவர் அந்தக் கிருமியை வெள்ளாட்டில் வளர்த்துத் தடுப்பு மருந்தாக்கினார். பிறகு இன்னும் நல்ல ஊசிகள் வந்தன. இந்தியாவில் கடைசியாக வெக்கை கண்டது 1995-இல், நம் வட ஆற்காட்டில்தான். 2011-இல் உலகிலேயே இல்லாமல் போனது. மனிதன் அடியோடு ஒழித்த நோய்கள் இதுவரை இந்த இரண்டுதான்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி பள்ளிகளுக்கு வந்தது நினைவிருக்கும். வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பலர் பிள்ளைகளை அனுப்பவில்லை. என் பழைய மாணவர் ஒருவர், பட்டாசு ஆலைத் தொழிலாளி, "எங்க தெருவுல யாருக்கும் அந்த நோயே இல்லையே டீச்சர்" என்றார்.

"உங்க ஆலையில இத்தனை வருஷமா விபத்து இல்லப்பா. அதுக்காக ரூமுக்கு ரூம் விட்ட இடைவெளிய அடைச்சிருவீங்களா?" என்று கேட்டேன்.

ஊசி போட்ட ஒவ்வொரு பிள்ளையும் அப்படி ஓர் இடைவெளி. நோய் அதைத் தாண்டிப் பரவ முடியாது. மறுநாள் மகளைக் கூட்டி வந்தார். கடைசிவரை வராத பிள்ளைகளும் உண்டு. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பேரப்பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். தட்டம்மை-ரூபெல்லா ஊசி 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. மாடு வைத்திருப்பவர்கள் கோமாரி ஊசியைத் தவறவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்