ஐயாயிரம் அடிக் கோடும் குடியுரிமையும்: டயகமவிலிருந்து ஒரு மறுவாசிப்பு

ஹோர்டன் சமவெளியைப் பற்றிய அறிக்கைகளில் ஒரு செய்தி தவறாமல் இடம்பெறும். 1873இல் கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஜோசப் டால்டன் ஹூக்கர், இலங்கையில் ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள மலைக்காடுகளைத் தொடாமல் விடும்படி பிரித்தானிய அரசுக்குக் கடிதம் எழுதினார்; அதையொட்டி ஒரு நிர்வாக ஆணை வெளிவந்தது; காடழிப்பு தடுக்கப்பட்டது. இன்று 3,160 ஹெக்டேயர் தேசியப் பூங்காவாக இருக்கும் நிலத்தின் தோற்றக் கதை இதுதான். அந்தப் பூங்காவின் மேற்கு அடிவாரத்தில், அக்கரப்பத்தனைக்கு அப்பால், டயகமத் தோட்டங்கள் இருக்கின்றன. அங்கிருந்து சமவெளிக்கு ஏறும் ஒற்றையடிப் பாதை இன்றும் உண்டு. அந்தப் பாதையின் கீழ் முனையிலிருந்து பார்க்கும்போது இந்தக் கதை வேறுவிதமாகத் தெரிகிறது.

ஹூக்கரின் கடிதத்தைப் பெருமைக்குரிய தொடக்கமாக வாசிப்பதற்கு வலுவான கோட்பாட்டு ஆதரவு தருபவர் ரிச்சர்ட் குரோவ். 1995இல் வெளிவந்த ‘கிரீன் இம்பீரியலிசம்’ என்ற அவரது நூல் இத்துறையின் போக்கையே மாற்றியது. சுற்றுச்சூழல் அக்கறை மேற்கு நாடுகளின் நகரங்களில் தோன்றியது என்ற எண்ணத்தை அவர் தகர்த்தார். மொரிசியஸ், செயின்ட் ஹெலினா போன்ற தீவுகளிலும் பின்னர் இந்தியாவிலும் பணியாற்றிய தாவரவியலாளர்களும் மருத்துவர்களும், காடு அழிந்தால் மழை குறையும் என்ற அச்சத்தை ஆட்சியாளர் மனத்தில் விதைத்தார்கள். வறட்சிக்கும் பஞ்சத்துக்கும் கிளர்ச்சிக்கும் அஞ்சிய காலனிய அரசு, சில வேளைகளில் மூலதனத்தின் கையையே கட்டிப்போட்டது என்பது அவரது வாதம். காலனிய வனக் கொள்கை வெறும் கொள்ளைக்கான மூடுதிரை என்று சொல்வோருக்கு அது தேவையான மறுப்பு. தீவுகளைப் பொறுத்தவரை அதை ஏற்கிறேன்.

மலைநாடு அவர் நூலின் மையக் களம் அல்ல. ஆயினும் ஹூக்கரின் கடிதத்தை அவரது சட்டகத்துக்குள் வைத்தால், மூலதனத்தை அறிவியல் கட்டுப்படுத்திய இன்னொரு சான்றாக அது எளிதில் பொருந்திவிடும். என் கருத்து வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. இந்தக் கோட்டால் எந்த மூலதனம் எதை இழந்தது?

1873இல் மலைநாட்டின் பயிர் கோப்பி. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டு ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. கோப்பி செழித்தது நடுத்தர உயரங்களில். ஐயாயிரம் அடியை நெருங்கும்போது குளிரும் காற்றும் விளைச்சலைக் குறைத்துவிடும். ஆக, ஹூக்கர் குறித்த கோடு ஏறத்தாழ கோப்பியின் மேல்வரம்பிலேயே அமைந்தது. துரைமார் பெரிதாக விரும்பாத நிலத்தையே அரசு அவர்களிடமிருந்து காத்தது. அந்த உயரத்துக்கு மேலும் சில கோப்பித் தோட்டங்கள் இருந்தன என்று யாரேனும் மறுக்கலாம், இருந்தன. ஆனால் வரம்பு என்பது ஒரு செடி முளைக்கும் இடமல்ல, ஒரு தொழில் இலாபம் காணும் இடம்.

தொடர்ந்து நடந்ததே இந்த வாசிப்புக்கு வலுவான ஆதாரம். 1869இல் தோன்றிய இலைத் துரு நோய் கோப்பியை அழித்தது, தேயிலை வந்தது. குளிர் மலையில் மெதுவாக வளரும் கொழுந்துக்கே விலை அதிகம் என்பது தெரிந்தது. இன்று 1,868 மீற்றர் உயரத்தில், அதாவது ஆறாயிரம் அடிக்கு மேலே, நுவரெலியாவைச் சுற்றித் தேயிலை இருக்கிறது. டயகமவின் மேற்பிரிவு மலைகளும் ஐயாயிரம் அடிக் கோட்டுக்கு மேலேயே உள்ளன. இவற்றில் ஒரு பகுதி ஆணைக்கு முன்பே விற்கப்பட்ட காணியாக இருக்கக்கூடும். ஒவ்வொரு தோட்டத்தின் உறுதிப் பத்திரத்தையும் வைத்தே அதை முடிவுசெய்ய வேண்டும். ஆயினும் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம்: அந்தக் கோடு தேயிலைக்கு வேலியாக இருக்கவில்லை.

ஹூக்கர் பற்றிய அந்தச் செய்தியின் சொற்களிலேயே இன்னொரு குறிப்பு இருக்கிறது. கடிதம், நிர்வாக ஆணை: இரண்டுமே சட்டம் அல்ல. சட்டமூலம் என்றால் ஒரு சபைக்கு வரவேண்டும், அங்கே யாரேனும் எழுந்து பேசவேண்டும். இங்கே அது நிகழவில்லை. காடுகளுக்கான விரிவான சட்டம் 1885இன் 10ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டமாகவே வந்தது. அதற்கு வழிவகுத்த 1882ஆம் ஆண்டின் வின்சென்ட் அறிக்கை, காடழிவுக்கான பழியைப் பெரும்பாலும் சேனைப் பயிர் செய்த கிராமத்தவர் மீதே சுமத்தியது.

சட்டம் வரும்போது வெளியிலிருந்து பேசும் அமைப்பு 1894இல் பிறந்தது. இன்று வனவிலங்கு மற்றும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கமாக இயங்குவது, அன்று வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம். தோட்டத் துரைமாரும் வேட்டைப் பிரியர்களுமே அதன் தொடக்க உறுப்பினர்களில் பெரும்பாலோர். அந்தச் சங்கம் இல்லாமல் இலங்கையின் சரணாலயங்கள் இல்லை. அதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் காட்டின் சார்பில் ஆட்சியாளரோடு பேசியவர்களும் காட்டை வெட்டித் தோட்டம் போட்டவர்களும் ஒரே வட்டத்தினர். விறகுக்காக அந்தக் காட்டின் ஓரத்துக்குப் போன லயத்து மக்கள் அந்த உரையாடலில் இல்லை.

1937ஆம் ஆண்டு மட்டும் விதிவிலக்கு. வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிறைவேறியபோது அரசாங்க சபையில் ஹட்டன் தொகுதிக்கு கோ. நடேசய்யரும் தலவாக்கலைக்கு எஸ். பி. வைத்திலிங்கமும் உறுப்பினர்களாக இருந்தனர். 1931இல் வந்த சர்வசன வாக்குரிமையின் பயன் அது. அடுத்த பதினொரு ஆண்டுகளில் அந்த வாசல் மூடப்பட்டது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது.

இதற்குப் பிறகு காட்டின் சட்ட வரலாற்றையும் குடியுரிமையின் சட்ட வரலாற்றையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கோரிக்கை. ஹோர்டன் சமவெளி இயற்கை ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டது 1969 டிசம்பரில். சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி ஐந்து ஆண்டுகள். அடிவாரத்து மக்களில் யார் இங்கே, யார் இந்தியாவுக்கு என்பதே தீராத காலம். 1988 மார்ச்சில் அது தேசியப் பூங்காவாயிற்று. அதே 1988இல்தான் நாடற்றவருக்குக் குடியுரிமை வழங்கும் 39ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் தேசிய சுற்றாடல் சட்டத்தைத் திருத்தி, சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பொதுமக்கள் பார்வையிட்டுக் கருத்துச் சொல்ல 30 நாள் அவகாசம் தந்தது. இம்மூன்றுக்கும் காரணத் தொடர்பு இருந்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் பூங்காவின் எல்லை வரையப்பட்டபோது, அந்த எல்லையில் வாழ்ந்தவர்களில் பலருக்கு அதைப் பற்றி மனுக் கொடுக்கும் குடிமகன் என்ற தகுதியே இருக்கவில்லை. சுற்றாடல் சட்டமும் குடியுரிமையும் சில மாத இடைவெளியில் ஒரே வாசலுக்கு வந்து சேர்ந்தன.

மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தில் அந்த வாசல் பெரிய அளவில் பயன்பட்டது. டயகம வழியாக வரும் அக்கர ஓயா, கொத்மலை ஓயாவின் கிளையாறு. அணை தலவாக்கலையில். தொண்ணூறுகளில் சுற்றாடல் அமைப்புகள் சென் கிளேயர் உள்ளிட்ட நீர்வீழ்ச்சிகளுக்காக வாதாடின; இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் இடம்பெயரும் தோட்டக் குடும்பங்களை முன்வைத்து எதிர்த்தது. இருவரும் ஒரே திட்டத்தை எதிர்த்தார்கள். ஆனால் ஒரே காரணத்துக்காக அல்ல. இறுதியில் சுருக்கப்பட்ட வடிவில் 150 மெகாவாற் நிலையம் 2012இல் இயங்கத் தொடங்கியது.

வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 1993ஆம் ஆண்டுத் திருத்தம் தேசிய ஒதுக்கத்தின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் எந்த அபிவிருத்தி வேலைக்கும் வனசீவராசிகள் பணிப்பாளரின் அனுமதியைக் கட்டாயமாக்கியது. காட்டுக்கு அது நல்ல காவல். அதை இழக்கக் கூடாது. அதே விதி, பூங்காவை ஒட்டிய தோட்டப் பிரிவில் லயத்தை விட்டு வெளியேறத் தனிவீடு கட்ட நினைக்கும் குடும்பத்தையும் தொடும். ஒரு மைல் என்ற அளவு முடிவாகும்போது அந்தக் குடும்பத்திடம் யார் கேட்டார்கள் என்பது இரண்டாம் நிலைக் கேள்வியல்ல.

இலங்கை அரசியலமைப்பின் 80(3) உறுப்புரையின்படி, நிறைவேறிய சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்குட்படுத்த முடியாது. அது சட்டமூலமாக இருக்கும் குறுகிய காலத்துக்குள்ளேயே உயர் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். எனவே வன, வனவிலங்குச் சட்டங்களுக்குத் திருத்தம் வரும்போதெல்லாம் கொழும்பில் நிலைப்பாடு எடுக்கும் சுற்றாடல் அமைப்புகளை ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: வரைவின் தமிழ்ப் பிரதியை, அது சட்டமாவதற்கு முன்பே, டயகமத் தோட்டப் பிரிவுகளுக்குக் கொண்டுவந்து வாசித்துக் காட்டுங்கள், அங்கே சொல்லப்படுவதையும் உங்கள் மனுவில் சேருங்கள்.