50 ஆண்டுகளாக வளரும் சுவர்

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கில், டுஹங்கா வெள்ளக் கால்வாயின் கான்கிரீட் சுவரில் 2,754 அடி நீளத்துக்கு அமைந்துள்ளது ‘லாஸ் ஏஞ்சலஸ் பெருஞ்சுவர்’ ஓவியம். அதை நகருக்கு அளித்த சமூக, பொதுக்கலை வள மையமான நமது ‘ஸ்பார்க்’ 1976ஆம் ஆண்டு தோன்றியது. பொன்விழா காணும் இவ்வேளையில் அதன் வரலாற்றைப் பதிவு செய்வது நம் கடமை.

மையத்தின் வேர் அதற்கும் முந்தையது. 1970 கோடையில் பாயில் ஹைட்ஸ் பகுதியில், ஓவியர் ஜூடித் பாக்கா ஒரு துணிச்சலான காரியத்தில் இறங்கினார். ஒன்றுக்கொன்று பகையான நான்கு தெருக்குழுக்களின் இளைஞர்கள் இருபது பேரைக் கூட்டி, ஹாலன்பெக் பூங்காவின் இசைமேடையில் இரு கைகளையும் விரித்து நிற்கும் மெக்சிகப் பாட்டி ஒருவரை வரையச் செய்தார். 1974இல் அவர் முயற்சியால் நகரின் முதல் நகரளாவிய சுவரோவியத் திட்டம் உருவானது. ராணுவப் பொறியாளர் படை கால்வாய்ச் சுவரைக் காட்டி அவரை அணுகியதும் அக்காலத்தில்தான்.

ஜூடித் பாக்கா, ஓவியர் கிறிஸ்டினா ஷ்லெசிங்கர், திரைப்பட இயக்குநர் டோனா டைச் ஆகிய மூவரும் மையத்தின் நிறுவனர்கள். வெனிஸ் பகுதியில் காவல் நிலையமாகவும் சிறையாகவும் இருந்த பழைய கட்டடமே அதன் இல்லமாயிற்று. கலைக்கு இதைவிடப் பொருத்தமான முகவரி கிடைத்திருக்காது.

பெருஞ்சுவர்ப் பணியின் முதல் கோடையான 1976ஐ விரிவாகச் சொல்ல வேண்டும். 80 இளைஞர்கள், 10 ஓவியர்கள், 5 வரலாற்றாய்வாளர்கள் கால்வாய்க்குள் இறங்கினார்கள். இளைஞர்களில் பலர் சிறார் நீதிமன்றம் வரை சென்று வந்தவர்கள். ஓவியர்களில் மெக்சிக வழிவந்த ஜூடித் ஹெர்னாண்டஸும் இருந்தார், ஆப்பிரிக்க அமெரிக்கரான யுலிசஸ் ஜென்கின்ஸும் இருந்தார். ஒவ்வொரு ஓவியரும் தமக்கென ஒரு பகுதியை ஏற்று, தம் குழுவோடு வரைந்தார். சுவரைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பூச்சு அடித்து, நூல் தட்டிக் கட்டம் போட்டு, அதன் பிறகே தூரிகையைத் தொட்டார்கள். தலைக்கவசத்துடன், கான்கிரீட் அனலில் வேலை. மழைக்காலத்தில் வெள்ளம் பாயும் இடம் என்பதால் கோடை மட்டுமே அவர்களுக்கு வாய்த்தது. அந்த ஒரே கோடையில் 1,000 அடி முடிந்தது.

1978, 1980, 1981, 1983 என நான்கு கோடைகளில் ஓவியம் 1950களின் வரலாறு வரை வந்து சேர்ந்தது. இடைப்பட்ட ஆண்டுகள் நிதி திரட்டவும் ஆய்வுக்கும் கழிந்தன. வரலாற்றைக் கண்ணால் கண்ட முதியவர்களை அழைத்து, இளைஞர்கள் கதை கேட்டார்கள். பாடப்புத்தகம் சொல்லாத பலவற்றைச் சுவர் சொன்னது இப்படித்தான்: 1871இல் படுகொலை செய்யப்பட்ட சீனர்கள், 1930களில் மெக்சிகோவுக்கு விரட்டப்பட்ட குடும்பங்கள், போர்க்காலத்தில் முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்கள், சாவேஸ் ரவீனில் வீடிழந்தவர்கள். ஓவியத்தின் சாவேஸ் ரவீன் பகுதியில் டாட்ஜர் விளையாட்டரங்கம் விண்கலம் போல வானிலிருந்து குடியிருப்பின் மேல் இறங்குகிறது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அது அப்படித்தானே இருந்தது! இந்தப் பணியில் பங்கேற்ற இளைஞர்கள் 400க்கும் மேற்பட்டவர்கள். அவர்கள் வியர்வையை இம்மலர் நன்றியோடு நினைக்கிறது.

1988இல் மேயர் டாம் பிராட்லியின் ஆதரவுடன் ஸ்பார்க் தொடங்கிய திட்டத்தின்வழி, நகரின் பல்வேறு இனத்தவர் வாழும் பகுதிகளில் 100க்கும் மேற்பட்ட சுவரோவியங்கள் எழுந்தன. 1990களில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்துடன் இணைந்து கணினிவழிச் சுவரோவியக் கூடம் அமைந்தது.

வெயிலும் வெள்ளமும் மங்கச் செய்த பெருஞ்சுவர் 2011இல் புதுப்பிக்கப்பட்டது. 2017இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் இடம்பெற்றது. 2021இல் மெல்லன் அறக்கட்டளை 50 லட்சம் டாலர் வழங்கியதும் பணி புத்துயிர் பெற்றது. சுவர் இனி 1960களிலிருந்து தொடர்ந்து, ஒரு மைலை எட்ட வேண்டும். 2023 அக்டோபர் முதல் பாக்காவும் அவர் குழுவும் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டக் கலை அருங்காட்சியகத்தில், பார்வையாளர் கண்முன்னே புதிய பகுதிகளை வரைந்தார்கள். இம்முறை ஓவியம் நேரே சுவரில் தீட்டப்படவில்லை. துணியில் தீட்டப்பெற்று, பின்னர் கால்வாய்க்குச் செல்லும்.