ஒளியைப் பூட்டி வைத்தவர்களும் திறந்துவிட்டவர்களும்

ஒரு கலைஞன் தான் வருந்திக் கண்டறிந்த நுட்பத்தைப் பிறருக்குச் சொல்ல வேண்டுமா, தன்னுள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டுமா என்னும் வினா எல்லாக் கலைகளுக்கும் பொதுவானது. எனினும் ஒளிப்படக்கலையில் அது சற்றுக் கூர்மையாகவே எழுகிறது. ஒரு கவிஞனின் உத்தியை அறிந்துகொண்டவர் மறுநாளே கவிஞராகிவிடுவதில்லை. ஆனால் ஓர் ஒளிப்படக் கலைஞரின் கலவையையும் விளக்கமைப்பையும் அறிந்துகொண்டவர், அடுத்த தெருவில் ஒரு ஸ்டூடியோவைத் திறந்துவிடக்கூடும். ஆகவே, 'சொல்லிவிட்டால் பிழைப்புப் போய்விடும்' என்று ஒரு சாராரும், 'சொல்லாவிட்டால் கலையே போய்விடும்' என்று மற்றொரு சாராரும் நெடுங்காலமாக வழக்காடி வருகின்றனர்.

இவ்வழக்கில் இரு தரப்பாரும் அறத்தைச் சான்றுக்கு அழைப்பதைக் காண்கிறோம். வரலாற்றை அழைப்பவர் குறைவு. உண்மையில், மறைத்தல், விலைக்குத் தருதல், உரிமையோடு தருதல், கைம்மாறு கருதாது தருதல் ஆகிய நான்கு வழிகளும் இக்கலை பிறந்த முதல் முப்பது ஆண்டுகளுக்குள்ளேயே நடந்து பார்க்கப்பட்டுவிட்டன. அவற்றின் விளைவுகளும் பதிவாகியுள்ளன. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

மறைத்தவர்

இன்று எஞ்சியிருக்கும் படங்களுள், கேமராவைக் கொண்டு எடுக்கப்பட்ட மிகப் பழைய படம் பிரான்ஸ் நாட்டு ஜோசப் நிசெபோர் நியெப்ஸ் என்பவருடையது. 1826 அல்லது 1827ஆம் ஆண்டில், தம் வீட்டு மாடிச் சன்னல் வழியே தெரிந்த காட்சியை அவர் ஓர் உலோகத் தகட்டில் பதித்தார். வெள்ளீயக் கலவைத் தகட்டின்மீது ஒருவகை நிலக்கீலைப் பூசி, வெயில் பட்டு இறுகிய பகுதிகளை நிறுத்தி, இறுகாத பகுதிகளை லாவண்டர் எண்ணெயால் கரைத்துப் பெறப்பட்ட படம் அது.

1827இல் இங்கிலாந்து சென்ற நியெப்ஸ், கியூ நகரில் தாவர ஓவியர் பிரான்சிஸ் பௌவரின் நட்பைப் பெற்றார். பௌவரின் ஊக்கத்தால் ராயல் சொசைட்டிக்குத் தம் கண்டுபிடிப்பைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். ஆனால் செய்முறையை மட்டும் அதில் சொல்லவில்லை. செய்முறை சொல்லப்படாத ஒன்றை ஏற்பது அச்சபையின் வழக்கமன்று; எனவே குறிப்பு ஏற்கப்படவில்லை. நியெப்ஸ் படங்களை நண்பரிடம் விட்டுவிட்டு ஊர் திரும்பினார். 1833இல் மறைந்தார். உலகம் அவரை அறியவில்லை. அந்தச் சன்னல் படமும் பின்னாளில் எங்கோ மறைந்து கிடந்து, 1952இல்தான் வரலாற்றாசிரியர் ஹெல்முட் கெர்ன்ஷைமின் முயற்சியால் மீட்கப்பட்டது. இன்று அது அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் உள்ளது.

ரகசியம் காப்பவரைப் பிறர் திருட முடியாது என்பது மெய்யே. அவரைப் பிறர் நம்பவும் முடியாது என்பது இவ்வரலாறு காட்டும் மறுபக்கம். குடத்துள் இட்ட விளக்கு காற்றில் அணையாமல் இருக்கலாம். அங்கே விளக்கு இருக்கிறது என்பதைத்தான் யாரும் அறியார்.

ஓர் அரசு வாங்கிய ரகசியம்

நியெப்ஸ் 1829இல் லூயி டாகேர் என்னும் அரங்க ஓவியரோடு கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தார். நியெப்ஸ் மறைந்தபின் டாகேர் ஆய்வைத் தொடர்ந்தார். வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகட்டை அயோடின் ஆவியில் காட்டி, கேமராவில் வைத்துப் படம் பதித்து, பின் பாதரச ஆவியில் காட்டினால் மறைந்திருக்கும் உருவம் வெளிப்படுகிறது என்பதைக் கண்டார். 1837இல் சமையல் உப்புக் கரைசலால் அவ்வுருவத்தை நிலைநிறுத்தவும் கற்றார்.

முதலில் அவரும் இதனை விற்கவே முயன்றார். பணம் செலுத்திச் சேர்வோருக்குச் செய்முறையை அளிப்பது என்று 1838இல் ஒரு திட்டம் வகுத்தார், அது கைகூடவில்லை. பார்க்காத பண்டத்துக்கு விலை கொடுப்பார் யார்?

வழிகாட்டியவர் பிரான்சுவா அராகோ. வானியலாளர், மக்கள் மன்ற உறுப்பினர். 1839 சனவரி 7 அன்று அறிவியல் கழகத்தில் கண்டுபிடிப்பை அறிவித்த அவர், அரசே இதனை விலைக்கு வாங்கிப் பொதுவில் வைக்க வேண்டும் என்று வாதிட்டார். அவ்வாறே சட்டம் நிறைவேறியது. டாகேருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்க், நியெப்ஸின் மகன் இசிடோருக்கு 4,000 பிராங்க் என வாழ்நாள் ஓய்வூதியம் உறுதியாயிற்று. அவர்களுக்குப்பின் மனைவியருக்கு அதில் பாதி. 1839 ஆகஸ்ட் 19 அன்று, இரண்டு கழகங்களின் கூட்டு அமர்வில் செய்முறை முழுவதும் வெளியிடப்பட்டது.

இக்கொடையில் ஒரு முடிச்சு உண்டு. அவ்வமர்வுக்கு ஐந்து நாள் முன்னர், ஆகஸ்ட் 14 அன்று, டாகேரின் சார்பில் இங்கிலாந்தில் காப்புரிமை பெறப்பட்டிருந்தது! உலகுக்கே அளிக்கப்பட்ட பரிசு, கால்வாய்க்கு அக்கரையில் மட்டும் காசுக்கு விற்கப்பட்டது.

வெளியிட்டதன் பயன் உடனே தெரிந்தது. டாகேரின் முறையில் படம் பதியப் பல நிமிடங்கள் ஆயின. உயிருள்ள மனிதரைப் படமெடுப்பது அரிதாயிருந்தது. 1840இல் வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் பன்மடங்கு ஒளி வாங்கும் ஒரு லென்சை வகுத்தார். லண்டனில் ஜான் கோடார்ட், புரோமினைச் சேர்த்தால் தகடு விரைவாகப் பதிகிறது என்று வெளியிட்டார். பாரீசில் இப்போலித் ஃபிசோ, பொன் உப்பினால் படத்துக்கு உறுதியும் நிறமும் ஊட்டும் வழியைச் சொன்னார். மூன்று நகரங்களில் மூவர் செய்த இவ்வேலைகளை டாகேர் தனியே செய்து முடித்திருக்க இயலுமா என்பது ஐயமே. முகம் எடுக்கும் தொழில் இவற்றால்தான் பிறந்தது.

ஆயினும் எல்லோருக்கும் அராகோ கிடைக்கவில்லை. பாரீசிலேயே இப்போலித் பயார் என்னும் அரசு ஊழியர், காகிதத்தில் நேரடியாகப் படம் பெறும் வேறொரு வழியைக் கண்டிருந்தார். 1839 சூன் மாதமே தம் படங்களைப் பொதுமக்கள் பார்வைக்கும் வைத்தார். கருவி வாங்கிக்கொள்ள அவருக்குக் கிடைத்தது 600 பிராங்க்; சற்றுப் பொறுக்குமாறு அறிவுரையும் உடன் கிடைத்தது. 1840 அக்டோபரில் பயார், நீரில் மூழ்கி இறந்த பிணமாகத் தம்மையே படமெடுத்து, டாகேருக்கு அவ்வளவு கொடுத்த அரசு இவருக்கு ஒன்றும் செய்யவில்லை என்று அதன் பின்புறம் எழுதிவைத்தார். இக்கலையின் முதல் கசப்பு அங்கதம் இதுவெனலாம்.

உரிமையோடு கொடுத்தவர்

இங்கிலாந்தில் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்போட் 1835ஆம் ஆண்டிலேயே காகிதத்தில் சிறு நெகட்டிவ் எடுத்திருந்தார், ஆனால் வெளியிடவில்லை. டாகேரின் செய்தி கேட்டு விரைந்து, 1839 சனவரி 31 அன்று ராயல் சொசைட்டியில் கட்டுரை படிக்கச் செய்தார். அடுத்த மாதமே செய்முறையையும் வெளியிட்டார். அவருடைய அரசு அவருக்கு எதுவும் அளிக்கவில்லை.

1840இல் இன்னும் விரைவான கலோடைப் முறையைக் கண்டபோது, 1841 பிப்ரவரியில் டால்போட் காப்புரிமை பெற்றார். முன்னர் இலவசமாகக் கொடுத்துக் கண்ட பலன் அவர் நினைவில் இருந்திருக்கும் என்று கொள்வது தவறாகாது. காப்புரிமை என்பது ரகசியமன்று என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். செய்முறையை எழுதி வெளியிட்டால்தான் சட்டம் உரிமை தரும். அன்றைய சட்டப்படி, பதினான்கு ஆண்டுகளுக்குப்பின் அது ஊர்ப்பொதுவாயிற்று.

ஆனால் அப்பதினான்கு ஆண்டுகளில் நடந்தது என்ன? கட்டணத்துக்கு அஞ்சிப் பலர் அம்முறையைத் தொடவில்லை. அக்காப்புரிமை ஸ்காட்லாந்தில் செல்லாது. அங்கே எடின்பரோவில் ஓவியர் டேவிட் ஆக்டேவியஸ் ஹில்லும் இளைஞர் ராபர்ட் ஆடம்சனும் 1843 முதல் எடுத்த கலோடைப் படங்களே, இன்றளவும் அம்முறையின் தலைசிறந்த ஆக்கங்களாகப் போற்றப்படுகின்றன. செய்முறை எல்லோருக்கும் ஒன்றுதான். அவ்விருவரின் கண்ணும் கையும் வேறு எவருக்கும் வாய்க்கவில்லை. நுட்பத்தைச் சொல்லிவிட்டால் தனித்தன்மை போய்விடும் என்று அஞ்சுவோர் இவ்விருவரையும் எண்ணிப் பார்க்கலாம்.

அறிவியல், ஓவியச் சபைகளின் தலைவர்கள் வேண்டிக்கொண்டதன்பேரில், தொழில்முறை முகப்படம் ஒன்று நீங்கலாக மற்றவற்றின்மீது தமக்கிருந்த உரிமையை 1852இல் டால்போட் விட்டுக்கொடுத்தார். அடுத்த ஆண்டே லண்டனில் ஒளிப்படச் சங்கம் தோன்றியது.

கொடுத்துக் கெட்டவர்

இனி வருபவர் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர். சிற்பி. தம் சிலைகளுக்கு மாதிரியாக முகங்களைப் படமெடுக்கத் தொடங்கியவர். வெடிபஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்துப் பெறும் கொலோடியனைக் கண்ணாடியில் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் காயுமுன் படமெடுத்துக் கழுவும் முறையைக் கண்டார். டாகேரின் தகட்டுக்குரிய துல்லியமும் டால்போட்டின் நெகட்டிவ் போல எத்தனை படிகளும் எடுக்கும் வசதியும் இதில் ஒருசேரக் கிடைத்தன. 1851 மார்ச்சில் 'தி கெமிஸ்ட்' இதழில் இதனை முழுமையாக வெளியிட்டார். காப்புரிமை கோரவில்லை.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உலகின் ஸ்டூடியோக்களை ஆண்டது இம்முறையே. ஆனால் இதுவும் தம் உரிமைக்குள் அடங்கும் என்றார் டால்போட். லண்டனில் இம்முறையால் முகப்படம் எடுத்துவந்த மார்ட்டின் லாரோஷ் மீது அவர் தொடுத்த வழக்கு, 1854 டிசம்பரில் மூன்று நாள் நடந்தது. சான்றாயத்தார் அளித்த தீர்ப்பு ஊன்றி நோக்கத்தக்கது. கலோடைப்பை முதலில் கண்டவர் டால்போட்டே. அதாவது, முதலில் அதைப் பொதுமக்களுக்குத் தெரிவித்தவர் அவரே. ஆனால் கொலோடியன் முறை அவ்வுரிமையை மீறியதாகாது. கண்டவர் யார் என்று தீர்மானிக்கும்போதுகூட, வெளியே சொன்னவர் யார் என்பதையே சட்டம் கேட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும். டால்போட் தம் உரிமையை அதன்பின் நீட்டிக்கவில்லை.

ஸ்டூடியோக்காரர்கள் மகிழ்ந்தனர். ஆர்ச்சருக்கு என்ன கிடைத்தது? 1857 மே மாதம் அவர் வறுமையில் இறந்தார். பின்னரே நன்கொடை திரட்டப்பட்டது. 'பஞ்ச்' இதழும் அதற்காகக் குரல் கொடுத்தது. மனைவியும் விரைவில் மறைய, பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு அரசு அளித்தது ஆண்டுக்கு 50 பவுன். அவர் சொல்லிக்கொடுத்த முறையால் பிழைத்தவர்களோ பல்லாயிரவர்.

பெற்றவர் கடன்

கைம்மாறு கருதாது கொடுத்தும் கெடாதவர்களும் உண்டு. ஜான் ஹெர்ஷல், படத்தை நிலைநிறுத்தும் 'ஹைப்போ'வின் பயனை 1839 பிப்ரவரி முதல் நாள் டால்போட்டிடம் சொன்னார். டால்போட் அவர் இசைவோடு அதைப் பிரான்சுக்கும் எழுதினார். பின்னர் டாகேரின் முறையிலும் உப்பின் இடத்தை அதுவே பிடித்தது. பிலிம் காலத்தின் கடைசி நாள்வரை நம்மூர் இருட்டறைகளில் மணந்த ஹைப்போ அதுவே. எவரும் அதற்காக ஹெர்ஷலுக்குக் காசு கொடுத்ததில்லை. ஆனால் ஹெர்ஷல் செல்வர், ஆர்ச்சர் சிற்பி. இவ்வேறுபாட்டை மறந்துவிட்டு இருவரையும் ஒரே தட்டில் வைத்துப் பாராட்டுவது முறையாகாது.

கொடையின் பயன் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக இருந்த லினேயஸ் டிரைப், 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலைக் காகித நெகட்டிவ்களில் பதிவு செய்தார். விமானத்தின் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக இணைத்தார். டால்போட் தொடங்கிப் பலரும் திருத்திய முறை அது. அது யாரோ ஒருவரின் இருட்டறையில் பூட்டிக்கிடந்திருந்தால், இராசராசனின் எழுத்துகள் அவ்வளவு முன்னதாகக் காகிதம் ஏறியிரா.

ஆகவே, பகிர்வதா மறைப்பதா என்று கேட்டால், பகிர்வதே என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அவ்விடையோடு நின்றுவிடுவது பாதி நேர்மையே. மாதச் சம்பளம் பெற்றுக்கொண்டு வகுப்பறையில் அறிவைப் பகிரும் நம்மைப் போன்றோர்க்கு ஆர்ச்சரைப் போற்றுவது எளிது. ஒரு திருமணப் பருவத்தின் வருவாயில் ஆண்டு முழுதும் குடும்பம் நடத்தும் ஸ்டூடியோக்காரர், தம் விளக்கமைப்பைச் சொல்லத் தயங்கினால், அவரைக் கஞ்சர் என்று பழிக்க நமக்கு உரிமை ஏது?

அராகோவின் பெருமை இங்கேதான் விளங்குகிறது. கலைஞனைத் தியாகியாகுமாறு அவர் கேட்கவில்லை. ரகசியத்தை வாங்குமாறு நாட்டைக் கேட்டார். இன்று அத்தகைய அரசை எதிர்பார்ப்பதற்கில்லை. எனினும் யாரிடம் கற்றோம் என்று பெயர் சொல்லுதல், பயிற்சிக்கு உரிய கட்டணத்தை முகம் சுளிக்காது கொடுத்தல், கற்றதில் ஒரு திருத்தம் கண்டால் கற்பித்தவருக்கே முதலில் தெரிவித்தல், அவர் நொடித்தபோது உயிரோடிருக்கையிலேயே உதவுதல் ஆகியவை நம்மால் ஆகக்கூடியவை. சொல்லித் தருபவரின் கடமை பற்றி நிறையப் பேசிவிட்டோம். கற்றுக்கொள்பவரின் கடன் பற்றியும் இனிப் பேசத் தொடங்குவோம்.