நார்தாம்டன் கவுண்டி: தொடக்கக் குடியேற்றக் காலம்

வர்ஜீனியா மாநிலத்தில், செசபீக் விரிகுடாவின் கிழக்குக் கரையில் வால்போல நீண்டு தொங்கும் நிலத்தின் தென்கோடி நார்தாம்டன் கவுண்டி. சுமார் 12,000 பேர் வாழும் நாட்டுப்புறம். 1964-இல் விரிகுடாவின் குறுக்கே பாலமும் சுரங்கப்பாதையும் வரும்வரை தெற்கிலிருந்து இங்கு வரப் படகுதான் வழி.

இதன் தலைநகரான ஈஸ்ட்வில் சிற்றூரில் 1632 தொடங்கி நீதிமன்ற ஏடுகள் இடையறாமல் இருக்கின்றன. அமெரிக்காவிலேயே தொடர்ச்சியாக எஞ்சியவற்றுள் மிகப் பழையவை இவை. 1865-இல் ரிச்மண்ட் எரிந்தபோது வேறு பல கவுண்டிகளின் ஆவணங்கள் சாம்பலாயின, இவை தப்பின. அதனால்தான் ஆளுநர்களின் பெயரோடு, புகையிலைக் கடனுக்கும் மாட்டுக்கும் வழக்காடிய எளிய மனிதர்களின் பெயரும் இன்று நமக்குக் கிடைக்கிறது.

இந்த மண் அக்கோமாக் மக்களுடையது. அவர்களின் தலைவர் டெபெடீவன் ஆங்கிலேயரிடம் நட்புப் பாராட்டியவர். 1608-இல் சிறுவனாக வர்ஜீனியாவுக்கு வந்து, பின்னாளில் மொழிபெயர்ப்பாளரான தாமஸ் சாவேஜுக்கு நிலமும் கொடுத்தார். 1634-இல் வர்ஜீனியா எட்டுக் கோட்டங்களாகப் பிரிக்கப்பட்டபோது அவற்றுள் ஒன்றுக்கு அந்த மக்களின் பெயரே வந்தது. எட்டே ஆண்டுகளில், 1642-இல், அது நார்தாம்டன் ஆனது. வடபகுதி 1663-இல் தனியாகப் பிரிந்து, பழைய பெயரை எடுத்துக்கொண்டது. நட்புக்கு அந்த மக்கள் பெற்ற பலன் சுருங்கிக்கொண்டே போன ஓர் ஒதுக்கிடம். 1813-இல் அதையும் பங்குபோட்டுக் கலைத்தார்கள்.

1652-இல் குடியேறிகள் ஒரு முறையீடு எழுதினார்கள். சட்டமன்றத்தில் தங்களுக்குப் பிரதிநிதி இல்லாத ஆண்டுகளில் தலைக்கு 46 பவுண்டு புகையிலை வரி கேட்பது நியாயமில்லை என்பது அவர்கள் வாதம். அமெரிக்கப் புரட்சிக்கு நூறாண்டுக்கு மேல் முந்தைய குரல் அது.

ஆனால் ஏடுகளில் நெஞ்சை உலுக்குவது ஆண்டனி ஜான்சனின் கதைதான். 1621-இல் ‘அன்டோனியோ, ஒரு கறுப்பர்’ என்ற குறிப்போடு வர்ஜீனியாவுக்குக் கொண்டுவரப்பட்டவர். பின்னர் விடுதலை பெற்று, மனைவி மேரியோடு இந்தக் கரையில் குடியேறினார். ஓர் ஆளை அழைத்துவரச் செலவிட்டால் 50 ஏக்கர் என்பது அன்றைய வழக்கம். ஐந்து ஆட்களைக் காட்டி 1651-இல் அவர் 250 ஏக்கர் பெற்றார். இரண்டு ஆண்டுகளில் தீ விபத்து. நீதிமன்றம் இரங்கி, மேரிக்கும் இரு மகள்களுக்கும் ஆயுள் முழுக்க வரிவிலக்கு அளித்தது.

அதே நீதிமன்றம் 1655-இல் இன்னொரு தீர்ப்பு எழுதியது. ஜான்சனிடம் வேலைசெய்த ஜான் கேசர் என்ற கறுப்பர், தம் ஒப்பந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதாகச் சொல்லி அண்டை வீட்டு வெள்ளையரிடம் போயிருந்தார். ஜான்சன் வழக்காடினார், கேசரைத் திருப்பி ஒப்படைக்கச் சொன்னது நீதிமன்றம். குற்றம் ஏதும் செய்யாத ஒருவரை வாழ்நாள் அடிமையாக ஏற்ற மிகத் தொடக்ககாலத் தீர்ப்புகளில் ஒன்று இது. வென்றவரும் கறுப்பர் என்பதைக் காட்டி அடிமைமுறையின் பொறுப்பை அவர்மேல் சுமத்துவோர் உண்டு. அது தவறு. அன்று கறுப்பரின் நிலை எவ்வளவு உறுதியற்றது என்பதற்கு ஜான்சனே சாட்சி.

1660-களில் குடும்பம் வடக்கே மேரிலாந்துக்குப் பெயர்ந்தது. 1670-இல் ஜான்சன் இறந்தார். வர்ஜீனியாவில் அவர் விட்டுவந்த நிலத்தைப் பற்றி விசாரித்த ஜூரி, அவர் கறுப்பர், ஆகவே அந்நியர் என்று முடிவுசெய்தது. நிலம் ஒரு வெள்ளையருக்குப் போனது.

ஏழு ஆண்டுகள் கழித்து, பேரன் ஜான் ஜான்சன் மேரிலாந்தில் 44 ஏக்கர் வாங்கினார். அந்த நிலத்துக்கு அவர் வைத்த பெயர் ‘அங்கோலா’.