துடிவிண்மீன்களைக் கொண்டு மிக இலகுவான கரும்பொருளைத் தேடல்

மிக இலகுவான கரும்பொருள் என்பது, அண்டத்திலுள்ள கரும்பொருளின் இயல்பை விளக்க முன்வைக்கப்பட்டுள்ள கருதுகோள்களுள் ஒன்றாகும். இதன்படி கரும்பொருள் 10⁻²² எலக்ட்ரான் வோல்ட்டு அல்லது அதனை ஒட்டிய நிறையுடைய துகள்களால் ஆனது. எலக்ட்ரானின் நிறை ஏறத்தாழ 5,11,000 எலக்ட்ரான் வோல்ட்டு என்பதுடன் ஒப்பிட்டால் இதன் சிறுமை விளங்கும். இத்துகள்கள் ஒளியை உமிழாவிடினும், அவற்றின் ஈர்ப்பு விளைவைத் துடிவிண்மீன்களின் துடிப்புகளில் தேட இயலும். இதற்கு வேண்டிய நுண்ணிய அளவீடுகளை மேற்கொள்ளும் குழுக்களுள் இந்தியத் துடிவிண்மீன் நேரக்கணிப்பு அணியும் ஒன்று.

கோட்பாடு

குவாண்டம் இயற்பியலின்படி, துகளின் நிறை குறையக் குறைய அதன் அலைநீளம் பெருகும். 10⁻²² எலக்ட்ரான் வோல்ட்டு நிறையுள்ள துகளின் அலைநீளம், பால்வழியில் காணப்படும் வேகங்களில், 1,000 ஒளியாண்டுகளுக்கும் மேலாகும். எனவே இத்தகைய கரும்பொருள் தனித்தனித் துகள்களாக அன்றி, அலையும் புலமாகவே செயற்படும். அப்புலத்தின் அழுத்தம் சீராக ஏறி இறங்குவதால் ஈர்ப்புப் புலமும் சிறிது அலைவுறும். இவ்வலைவு துடிப்புகளின் வருகை நேரத்தை மாற்றும் என்று 2013இல் அந்திரேய் கிமெல்னித்சுகி, வலேரி ருபக்கோவ் ஆகியோர் காட்டினர்.

துகளின் நிறை 10⁻²³ எலக்ட்ரான் வோல்ட்டு எனில் அலைவுக்காலம் சுமார் ஆறரை ஆண்டுகள். நேர மாற்றம் சுமார் 20 நானோநொடி. நிறை 10⁻²² எனில் அலைவுக்காலம் சுமார் எட்டு மாதங்கள். நேர மாற்றமோ 0.02 நானோநொடி மட்டுமே.

அளவிடும் முறை

துடிவிண்மீன் என்பது வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன் ஆகும். 1982இல் கண்டறியப்பட்ட முதல் மில்லிநொடித் துடிவிண்மீன் நொடிக்கு 642 முறை சுழல்கிறது. இவற்றின் சுழற்சி மிகச் சீரானதால், ஒவ்வொரு துடிப்பும் எப்போது வரும் என முன்கூட்டியே கணிக்கலாம். கணித்த நேரத்துக்கும் உண்மையில் வந்த நேரத்துக்கும் உள்ள வேறுபாடு எச்சம் எனப்படும். கரும்பொருள் அலைவு இருப்பின், எச்சங்கள் ஒரே அதிர்வெண்ணில் ஏறி இறங்க வேண்டும். ஈர்ப்பலைப் பின்னணியோ பல அதிர்வெண்களில் பரவியிருக்கும். அது வானில் இரு துடிவிண்மீன்களுக்கு இடையிலான கோணத்தைச் சார்ந்த தொடர்பையும் காட்டும். இவ்வகையில் இரண்டையும் பிரித்தறியலாம்.

இந்தியாவின் பங்கு

விண்மீன்களுக்கு இடையிலுள்ள எலக்ட்ரான்கள் ரேடியோ அலைகளைத் தாமதப்படுத்துகின்றன. இத்தாமதம் அதிர்வெண்ணின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் அமையும். ஆகவே 400 மெகாஹெர்ட்சில் ஏற்படும் தாமதம், 1,400 மெகாஹெர்ட்சில் ஏற்படுவதைப் போல் சுமார் 12 மடங்காகும். எலக்ட்ரான்களின் அளவு காலப்போக்கில் மாறுவதால், அதனைத் திருத்தாவிடில் நானோநொடி அளவிலான விளைவுகள் மறைந்துவிடும். தாழ் அதிர்வெண்களில் நோக்குவோர்க்கு இத்திருத்தம் எளிது.

புனேக்கு அருகே கோடத்தில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 அலைவாங்கிகளைக் கொண்ட மாபெரும் மீட்டரலை ரேடியோ தொலைநோக்கி உள்ளது. இந்திய அணி இதனைக் கொண்டு உயர், தாழ் அதிர்வெண்களில் ஒரே நேரத்தில் நோக்குகிறது. 1970இல் நிறுவப்பட்ட, 530 மீட்டர் நீளமுள்ள உதகை ரேடியோ தொலைநோக்கியும் இவ்வணியின் தொடக்ககால நோக்கல்களுக்குப் பயன்பட்டது. சென்னைக் கணித அறிவியல் நிறுவன ஆய்வாளர்களும் இதில் பங்கேற்கின்றனர். 14 துடிவிண்மீன்களின் மூன்றரை ஆண்டுத் தரவுகளை இவ்வணி 2022இல் வெளியிட்டது.

முடிவுகள்

சூரியனின் அருகே கரும்பொருளின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.4 கிகா எலக்ட்ரான் வோல்ட்டு என மதிப்பிடப்படுகிறது. ஆஸ்திரேலியாவின் பார்க்சு தொலைநோக்கித் தரவுகள் 2018இல் அளித்த மேல்வரம்பு 6 ஆகவே இருந்தது. ஐரோப்பிய அணியின் ஏறத்தாழ 25 ஆண்டுத் தரவுகள் 2023இல் அதனை 0.3 அளவுக்குக் குறைத்தன. இதன்படி 10⁻²⁴ முதல் 5×10⁻²⁴ எலக்ட்ரான் வோல்ட்டு வரையான நிறையுள்ள துகள்கள் மட்டுமே கரும்பொருள் முழுவதுமாக இருக்க முடியாது. அதே ஆண்டு சூன் மாதம் ஐரோப்பிய, இந்திய அணிகள் இணைந்து ஈர்ப்பலைப் பின்னணிக்கான சான்றுகளை வெளியிட்டன. அச்சைகையை விளக்கும் கூட்டு ஆய்வில் மிக இலகுவான கரும்பொருளும் ஆராயப்பட்டது.

எனினும் இவ்வரம்பு கருதுகோள் முழுவதையும் மறுப்பதாகாது. பெரிதும் பேசப்படும் 10⁻²² எலக்ட்ரான் வோல்ட்டு நிறைக்குரிய விளைவு இன்றைய அளவீட்டுத் துல்லியத்துக்கு எட்டாதது. அதைவிடக் குறைந்த நிறைகளுக்கு விளைவு பெரிதாயினும், ஓர் அலைவு நிறைவுறவே பல்லாண்டுகள் ஆகும். ஆதலால் இத்தேடலில் கருவிகளின் நுண்மைக்கு இணையாக, இடைவிடாத நீண்டகால நோக்கலும் இன்றியமையாதது.