போர் மீள்நிகழ்த்தல் களத் தேர்வு

போர் மீள்நிகழ்த்தல் களத் தேர்வு என்பது, வரலாற்றில் நடந்த ஒரு போரை அக்கால உடை, படைக்கலம், அணிவகுப்பு முறை ஆகியவற்றுடன் மீண்டும் நிகழ்த்திக் காட்டுவதற்கு ஏற்ற நிலப்பகுதியைத் தெரிவு செய்யும் பணியாகும். போர் நடந்த இடமே இதற்கு மிகப் பொருத்தமானது என்று முதற்பார்வையில் தோன்றும். எனினும் பல நிகழ்வுகள் உண்மையான போர்க்களத்தில் நடைபெறுவதில்லை. அக்களம் இன்று நகரமாக மாறியிருக்கலாம். இராணுவப் பயன்பாட்டில் இருக்கலாம். அல்லது இறந்தோரின் நினைவிடமாகச் சட்டத்தால் காக்கப்பட்டிருக்கலாம். எனவே, உண்மைக் களத்தை ஒத்த மாற்று நிலம் ஒன்றைக் கண்டறிவது ஏற்பாட்டாளர்களின் முதன்மைப் பணிகளுள் ஒன்றாக உள்ளது.

ஐக்கிய அமெரிக்கா

அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதற் பெருஞ்சமர் ஜூலை 21, 1861 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் மனாசஸ் அருகே நடைபெற்றது. அதன் நூற்றாண்டு நிறைவை ஒட்டி 1961 ஜூலையில், தேசியப் பூங்காவாகக் காக்கப்பட்டு வரும் அக்களத்திலேயே பெரிய அளவில் மீள்நிகழ்த்தல் நடத்தப்பட்டது. கடும் வெயிலில் பல்லாயிரக்கணக்கானோர் திரண்டனர். ஆயிரக்கணக்கானோர் மாண்ட நிலத்தில் சாவை நடித்துக் காட்டுவது கேளிக்கையாகி விட்டது என்ற கண்டனம் எழுந்தது. அடுத்த ஆண்டு ஆண்டீட்டம் சமரின் நூற்றாண்டு நிகழ்வும் உண்மைக் களத்திலேயே நடந்தது. இவற்றின் பின்னர் தேசியப் பூங்காச் சேவை தன் நிலங்களில் இத்தகைய நிகழ்வுகளை அனுமதிப்பதைக் கைவிட்டது. எதிரெதிர் அணிகள் ஒன்றையொன்று சுடுவதும், வீரர்கள் அடிபட்டு விழுவது போல நடிப்பதும், கைகலப்பும் அதன் கொள்கையால் தடை செய்யப்பட்டுள்ளன. ஆயினும் பாசறை வாழ்க்கையைக் காட்டுதல், அணிவகுப்புப் பயிற்சி, வெற்றுவேட்டுச் செயல்விளக்கம் ஆகியவற்றுக்கு அனுமதி உண்டு.

இக்கொள்கையின் விளைவை கெட்டிஸ்பேர்க்கில் தெளிவாகக் காணலாம். ஜூலை 1 முதல் 3 வரை, 1863 இல் நடந்த இச்சமரின் ஐம்பதாம் ஆண்டு நிறைவின்போது, 1913 இல், இரு தரப்பையும் சேர்ந்த 50,000 க்கும் மேற்பட்ட முன்னாள் வீரர்கள் அக்களத்திலேயே கூடினர். ஆனால் 1998 இல் நடந்த 135 ஆம் ஆண்டு மீள்நிகழ்த்தல் பூங்காவுக்கு வெளியே, விளைநிலத்தில்தான் நடத்தப்பட்டது. அதில் 15,000 க்கும் மேற்பட்டோர் வீரர்களாகப் பங்கேற்றனர்.

நில உடைமை மாறினால் விதியும் மாறுகிறது. வர்ஜீனியாவின் சீடர் கிரீக்கில் அக்டோபர் 19, 1864 அன்று சமர் நடந்த நிலத்தின் ஒரு பகுதி, 1988 இல் தொடங்கப்பட்ட அறக்கட்டளை ஒன்றுக்குச் சொந்தமானது. 2002 இல் அப்பகுதி தேசிய வரலாற்றுப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பின்னரும், அறக்கட்டளை நிலத்தில் மீள்நிகழ்த்தல் தொடர்ந்தது. 2017 நிகழ்வின்போது குழாய்க்குண்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. 2018 நிகழ்வு கைவிடப்பட்டது.

மொன்டானாவின் லிட்டில் பிக்ஹார்னிலும் இதே பிரிவினை உள்ளது. ஜூன் 1876 இல் கஸ்டரின் குதிரைப்படை லக்கோட்டா, செயென் இனத்தவரிடம் தோற்ற களம் தேசிய நினைவிடமாக உள்ளது. மீள்நிகழ்த்தல், அதனை அடுத்து ஆற்றங்கரையில் அமைந்த குரோ இனத்தவர் குடும்பம் ஒன்றின் பண்ணையில் நடத்தப்பட்டு வந்துள்ளது.

ஐரோப்பா

இங்கிலாந்தில் அக்டோபர் 14, 1066 இல் நடந்த ஹேஸ்டிங்ஸ் சமர், மரபுவழிக் களமாகக் கருதப்படும் பேட்டில் மடத்தின் கீழ்ச்சரிவிலேயே நிகழ்த்தப்படுகிறது. இவ்விடத்தை இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பு பேணுகிறது. இங்கும் நிலம் பழைய நிலையில் இல்லை. ஹாரல்டின் படை நின்ற மேட்டின் மீதே பின்னர் மடம் கட்டப்பட்டது.

இதற்கு மாறானது எட்ஜ்ஹில். அக்டோபர் 23, 1642 இல் ஆங்கில உள்நாட்டுப் போரின் முதற் பெருஞ்சமர் நடந்த நிலத்தின் பெரும்பகுதி இன்று பாதுகாப்பு அமைச்சகத்தின் வெடிமருந்துக் கிடங்காக உள்ளது. பொதுமக்கள் அங்கு செல்ல இயலாது.

பெல்ஜியத்தின் வாட்டர்லூ களம் 1914 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாதுகாக்கப்படுகிறது. ஆயினும் 1826 இல் நிறைவுற்ற சிங்க மேட்டை எழுப்ப, வெலிங்டனின் படை நின்ற முகட்டிலிருந்தே மண் வெட்டி எடுக்கப்பட்டதால் நில அமைப்பு முன்னரே மாறிவிட்டது. ஜூன் 2015 இல் இருநூறாம் ஆண்டு நிகழ்வில் 5,000 க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். ஜெர்மனியின் லைப்சிக் நகரம் 1813 சமர்க்களத்தின் பெரும்பகுதி மீது வளர்ந்துவிட்டது. எனவே 2013 இல் இருநூறாம் ஆண்டு மீள்நிகழ்த்தல் நகருக்குத் தெற்கே மார்க்கிளீபெர்க் பகுதியில் நடத்தப்பட்டது. போலந்தின் குருன்வால்டில், 1410 சமரின் நினைவாக, திறந்தவெளியாக எஞ்சியுள்ள களப்பகுதியில் 1998 முதல் நிகழ்வுகள் நடத்தப்பட்டு வருகின்றன.

தெரிவு செய்யும்போது கருதப்படுபவை

நில அமைப்பு: ஒரு சமரின் போக்கைப் பெரும்பாலும் மேடு, ஓடை, காடு, வேலி ஆகியவையே தீர்மானிக்கின்றன. எனவே களத்தின் முழு வடிவத்தையும் தேடாமல், முடிவைத் தீர்மானித்த ஓரிரு கூறுகளை மட்டும் உடைய நிலம் தேடப்படுகிறது. எடுத்துக்காட்டாக, கெட்டிஸ்பேர்க்கின் பிக்கெட் தாக்குதலைக் காட்ட நீண்ட திறந்தவெளியும் அதன் முடிவில் மெல்லிய ஏற்றமும் போதும்.

பரப்பளவு: தோளோடு தோள் நிற்கும் வீரர் ஒருவருக்கு 60 செ.மீ. எனக் கொண்டால், இரு வரிசைகளில் நிற்கும் 1,000 பேருக்கு 300 மீட்டர் முகப்பு தேவை. பீரங்கிகளுக்கும் குதிரைகளுக்கும் இடம் தனியே வேண்டும். பங்கேற்பாளர் குறைவாக இருக்கும்போது மிகப் பெரிய நிலம் படையைச் சிறுத்துக் காட்டும். இதனால் முழுச் சமருக்குப் பதிலாக ஒரு கட்டம் மட்டும் நிகழ்த்தப்படுவது உண்டு.

பார்வையாளர் வசதி: பார்வையாளர்கள் மேட்டுச் சரிவில், துப்பாக்கிகள் நோக்கும் திசைக்குப் பக்கவாட்டில் அமர்த்தப்படுவது நல்லது. மின்கம்பிகளும் நெடுஞ்சாலைகளும் கண்ணில் படாத திசையை நோக்கி அமர்வது காட்சியின் நம்பகத்தன்மையைக் கூட்டும். வாகன நிறுத்துமிடம், குடிநீர், கழிவறை, நோயாளர் ஊர்தி விரைந்து வருவதற்கான வழி ஆகியவையும் இன்றியமையாதவை.

பாதுகாப்பு: வெற்றுவேட்டுக்கும் கருமருந்து பயன்படுவதால் காய்ந்த புல், வைக்கோல் ஆகியவை தீப்பற்றும் அபாயம் உண்டு. வளைகள் நிறைந்த நிலம் குதிரைகளின் கால்களை முறிக்கும். முதலாம் உலகப் போரின் மேற்குப் போர்முனையில் வெடிக்காத எறிகணைகள் இன்றும் மண்ணிலிருந்து கிடைக்கின்றன. அத்தகைய நிலங்களில் கூடாரத்துக்கு முளை அடிப்பதும் ஆபத்தானது.

உரிமையும் பயிர்க்காலமும்: விளைநிலமாயின் அறுவடைக்கும் அடுத்த உழவுக்கும் இடைப்பட்ட காலமே கிடைக்கும். இது சமரின் நினைவு நாளோடு பொருந்தாமல் போகலாம். மிதிபட்டு இறுகிய மண்ணுக்கான இழப்பீடு, அண்டைப் பண்ணைகளின் கால்நடைகள் வெடியோசையால் மிரளாமை, காப்பீடு ஆகியவை பற்றி நில உரிமையாளருடன் முன்னரே எழுத்து மூலம் உடன்பட வேண்டும்.

தொல்லியல் காரணங்கள்

உண்மைக் களத்தைத் தவிர்ப்பதற்கு அறிவியல் சார்ந்த காரணமும் உண்டு. லிட்டில் பிக்ஹார்னில் 1983 இல் ஏற்பட்ட புல்தீக்குப் பின்னர், உலோகம் கண்டறியும் கருவிகளைக் கொண்டு தொல்லியலாளர் ஆய்வு செய்தனர். ஒவ்வொரு குண்டும் தோட்டாக்கூடும் கிடந்த இடத்தைக் குறித்ததன் மூலம், தனித்தனித் துப்பாக்கிகள் களத்தில் நகர்ந்த வழியையே அவர்களால் கண்டறிய முடிந்தது. இத்தகைய சான்று, பொருள் விழுந்த இடத்திலேயே கிடந்தால் மட்டுமே பயன்படும். பீரங்கிச் சக்கரங்கள் மேல்மண்ணைக் கிளறினால் பழைய பொருட்கள் இடம் மாறும். பங்கேற்பாளர்கள் தவறவிடும் போலிப் பித்தான்களும் உலோகத் துண்டுகளும் பழையவற்றோடு கலக்கும். ஒருமுறை கலைந்த சான்றை மீண்டும் அடுக்க இயலாது.

விமர்சனங்கள்

மாற்று நிலத்தில் நிகழ்த்துவதால் வரலாறு பொய்யாகிறது என்று சிலர் வாதிடுகின்றனர். மேட்டின் உயரமும் தூரமும் மாறும்போது, ஒரு தளபதி ஏன் அம்முடிவை எடுத்தார் என்பது பார்வையாளருக்கு விளங்காது என்பது அவர்கள் கருத்து. மறுதரப்பினர், பெயர் தெரியாத வீரர்கள் இன்னும் புதைந்து கிடக்கும் மண்ணில், மாண்டவர் போல நடித்தவர்கள் எழுந்து நடப்பது முறையன்று என்கின்றனர். இரண்டுக்கும் இடைப்பட்ட வழியாக, மோதலை அருகிலுள்ள நிலத்தில் நிகழ்த்தி, உண்மைக் களத்தில் வழிகாட்டி நடையும் அஞ்சலியும் மட்டும் நடத்தலாம். இம்முறையில் பார்வையாளர் நிலத்தின் உண்மை வடிவைக் காண முடிகிறது; களமும் குலையாமல் எஞ்சுகிறது.