அக்கினி (தஞ்சைப் பெரிய கோயில்)

தென்கிழக்குத் திசையைக் காக்கும் தீக்கடவுள், வாகனம் ஆட்டுக்கடா. முதலாம் இராசராசன் எழுப்பி 1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையில் எண்திசைக் காவலர் ஒவ்வொருவருக்கும் தனிச் சிற்றாலயம் அமைந்தது. மன்னன் ஆணைப்படி இம்மாளிகையை எடுப்பித்தவன் சேனாபதி கிருஷ்ணன் இராமன். காவலர் சிலரின் சிலைகள் இன்று அங்கு இல்லை. ஏறத்தாழ ஆளுயரமுள்ள அக்கினியின் கற்சிலை தன் இடத்திலேயே நிலைத்திருப்பது சோழர் கலைக்கு அரிய சான்று.

வேதத்தில் முதன்மை பெற்ற அக்கினி, சைவக் கோயில்களில் பரிவாரத் தெய்வமானார். கஞ்சனூர், திருக்காட்டுப்பள்ளி, திருப்புகலூர் ஆகிய காவிரிப் படுகைத் தலங்களில் அவர் சிவனை வழிபட்டதாகத் தலபுராணங்கள் கூறுகின்றன. அங்கெல்லாம் இறைவன் பெயர் அக்கினீசுவரர்.

திசைக்காவலரான அக்கினியைப் போல, மெசபொத்தேமியாவின் அக்காதியர் போற்றிய இசும் என்னும் சிறு தீத்தெய்வமும் ஒரு காவலரே, இரவுக் காவலர். எர்ரா காப்பியத்தில் அழிவுக் கடவுளான எர்ராவின் சினத்தைத் தணிப்பவர்.